குளத்துப் பனி உருகும் நாள்



தம்ளரில் போட்ட பனிக்கட்டி கரைந்துபோவதை நீங்கள் அநேகந்தரம் பார்த்திருப்பீர்கள். ஒரு குளம் முழுவதும் பனிக்கட்டியாய் உறைந்து, இளவேனிலில் உருகுவதைப் பார்த்ததுண்டோ? அப்படி ஆண்டுதோறும் கவனித்த ஒருவரைப்பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கான்கார்டு ஊரில் வால்டன் குளம் இருக்கிறது. அதன் கரையில் 1845 முதல் 1847 வரை சிறு குடில் கட்டி வாழ்ந்தவர் ஹென்றி டேவிட் தோரோ. அந்நாடு நமக்கு வெகுதூரமானாலும், அக்காலத்தில் பாஸ்டன் பகுதிக் குளங்களில் அறுத்தெடுத்த பனிக்கட்டி கப்பலேறி மதராசுக்கு வந்தது. அதைச் சேமித்துவைத்த 'ஐஸ் ஹவுஸ்', விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு மெரினாக் கரையில் இன்றும் நிற்கிறது.

குளத்துப் பனி எவ்வாறு உருகுகிறது? பூஜ்ஜியம் டிகிரியிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டி நீராக மாறுவதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வளவையும் உள்வாங்கும்வரை வெப்பமானி அசைவதில்லை. பார்ப்பவருக்கு ஒன்றும் நடவாததுபோலவே தோன்றும். முதலாவது கரையோரம் இளகும். பின்பு பனியின் வெண்மை மங்கிச் சாம்பல் நிறமாகும். வெயில் உள்ளே ஊடுருவி, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடங்களைக் கரைத்துவிடும். அப்பொழுது பனிப்பாளம், நெட்டுக்குத்தாய் அடுக்கிய மெழுகுவர்த்திகளைப்போல் ஆகிவிடும். ஒரு பலத்த காற்று வீசினால் போதும். பல வாரங்களாய் அசையாதிருந்தது ஒருசில நாளில் மறைந்துபோகும்.

ஆகையால் பெற்றோருக்கு ஓர் எச்சரிப்பு. ஜனவரியில் ஆளைத் தாங்கிய அதே கனமுள்ள பனி, மார்ச்சில் தாங்காமற்போகலாம். கனம் குறையாதிருந்தும், அதன் பிணைப்பு போய்விட்டது. விடுமுறையில் காஷ்மீருக்கோ இமாசலத்துக்கோ செல்லும்போது, படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளை உறைந்த ஏரியின்மேல் இறக்காதிருங்கள். நேற்று ஒருவர் நடந்தார் என்பது இன்றைக்கு உத்தரவாதமல்ல.

தோரோ, குளம் முழுவதும் பனி நீங்கிய நாளைக் குறித்துவைத்தார். 1852-இல் அது ஏப்ரல் 18. மறு ஆண்டிலோ மார்ச் 23. இரண்டுக்கும் 26 நாள் வித்தியாசம்! ஓரிரு ஆண்டுகளை மாத்திரம் பார்த்தவர் இதிலிருந்து என்ன அறியக்கூடும்? ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய பல ஆண்டுக் குறிப்புகளைத் தற்காலத் தேதிகளோடு ஒப்பிட்டார்கள். வால்டன் குளத்தில் பனி இப்பொழுது சராசரியாக ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே உருகுகிறது என்று கண்டார்கள். பூமி வெப்பமடைவதற்கு அந்தக் குறிப்புகளும் ஒரு சாட்சியாயின. அவற்றை எழுதியவரோ 1862-இலேயே மரித்துவிட்டார்.

நம் நகரத்துக் குளங்கள் உறைவதில்லை. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அருகே ஒரு சரக்கொன்றை நிற்கக்கூடும். அது முதலாவது பூக்கும் நாளை, வருடத்தோடு, பிள்ளைகளின் கையால் ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அடுத்த ஆண்டும் தவறாமல் எழுதட்டும். அது யாருக்குப் பயன்படும் என்பதை நாம் அறியாதிருக்கலாம், தோரோவும் அறியாதிருந்தார்.