ஜிம்மி செய்த குற்றம் என்ன?

மூன்றாம் வகுப்பிலிருந்து நாம் எத்தனை முறை நாயைப் பற்றிக் கட்டுரை எழுதியிருப்போம்! 'நாய் நன்றியுள்ள பிராணி. அது வீட்டைக் காக்கும்' என்று தொடங்கி, நான்கு கால்களையும் ஒரு வாலையும் எண்ணி முடித்து, பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த நன்றியுள்ள பிராணி மலஜலம் கழிக்க எங்கே போகும் என்று நம்மில் ஒருத்தி கூட எழுதியதில்லை. எழுதியிருந்தால் சிஸ்டர் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள். நான் இந்த மலரில் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக் கொள்ளுங்கள்.

சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டு வந்தான். ஜிம்மி என்று பெயர் வைத்தோம். முதல் நாள் அதைத் தூக்குவதற்கு எங்களுக்குள் போட்டி. இரண்டாம் நாள் அது பாட்டியின் பாயில் அசிங்கம் செய்தது. மூன்றாம் நாள் அப்பாவின் செருப்பில். அதன்பின் தூக்குவதற்கு ஆளில்லை.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் வைத்தியமே எங்கள் வீட்டிலும் நடந்தது. அண்ணன் அதன் கழுத்தைப் பிடித்து, மூக்கை அந்த அசிங்கத்திலேயே தேய்த்தான். நான் செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். ஆம், நான்தான். அடித்துவிட்டு, "இனிமேல் செய்வியா?" என்று கேள்வி வேறு கேட்டேன். ஜிம்மி காதுகளை மடக்கிக் கொண்டு, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. "பார்த்தீர்களா! செய்தது தப்பு என்று அதற்கே தெரிகிறது" என்று பெருமையாகச் சொன்னேன்.

அதற்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அமெரிக்காவில் ஹோரோவிட்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் 14 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்த சோதனையை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். எஜமானர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விடுவார். சில வேளைகளில், நாய் அதைத் தின்னாதிருந்த போதும், தின்றுவிட்டதாக அவரிடம் சொன்னார்கள். அவர் வந்து திட்டினார். உடனே அந்த நிரபராதி தலையைக் குனிந்து குற்றவாளி போல நின்றது! உண்மையாகவே தின்ற நாயை விட இதுதான் அதிகமாகக் குன்றிப் போயிற்றாம். ஆக, நாயின் அந்த முகத்தில் நாம் காண்பது குற்ற உணர்ச்சியன்று. நம் கோபத்தைக் கண்ட பயம். ஜிம்மியின் முகத்தில் நான் பார்த்ததும் என்னைத்தான்.

அடியினால் ஜிம்மி ஒரு பாடம் கற்றுக் கொண்டது. 'வீட்டுக்குள் செய்யக் கூடாது' என்பதன்று அது. 'இவர்கள் கண்ணெதிரே செய்யக் கூடாது' என்பதே. அரிசி டிரம்முக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று மறைவிடம் தேட ஆரம்பித்தது. நாங்கள் அதற்குத் 'திருட்டு நாய்' என்று பட்டம் கட்டினோம்.

பிறகு அண்ணன் ஒரு சுலபமான வழி கண்டான். விடியற்காலையில் தெருக் கதவைத் திறந்து விட்டுவிடுவது! இரண்டு நாள் நிம்மதியாக இருந்தோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை போட்டிருந்த கோலத்தின் நடுவில் ஜிம்மி தன் காரியத்தை முடித்துவிட்டு வந்தது. அத்தை வாசலில் நின்று பேசியதை இங்கே எழுத முடியாது. அம்மா தலைகுனிந்து கேட்டுக் கொண்டிருந்தார்கள். அன்றிரவு அப்பா, "ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இல்லையானால் சந்தைப் பக்கம் கொண்டு போய் விட்டுவிடுவேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தெருவில் விடுவதைப் பற்றி எனக்கு இப்போது ஒரே ஓர் எண்ணம்தான். தெரு யாருக்கும் சொந்தமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் காலையில் அதைப் பெருக்குகிற ஓர் அம்மா இருக்கிறார்கள். எங்கள் வீட்டு நாயின் அசிங்கத்தை அவர்கள் ஏன் அள்ள வேண்டும்? நியூயார்க் நகரில் நாய் வளர்ப்பவரே அதை அள்ள வேண்டும் என்ற சட்டம் 1978லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் வீட்டுக்குள் சட்டம் போட யாருடைய அனுமதி வேண்டும்?

அப்பாவிடம் ஒரு மாதத் தவணை கேட்டேன். மறுநாள் ஜிம்மிக்கு ஊசி போடப் போன இடத்தில் கால்நடை மருத்துவரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "குட்டிக்கு ஓர் இடம் காட்டினாயா?" என்று கேட்டார். எங்கே செய்யக் கூடாது என்று பத்து இடங்களில் அடித்திருந்தோம். எங்கே செய்யலாம் என்று ஓர் இடத்தைக் கூடக் காட்டியிருக்கவில்லை!

கொல்லைப்புறத்தில் கிணற்றுக்கு எதிர்க்கோடியில், மதிலோரம், ஒரு கட்டில் அளவுக்கு மண்ணைக் கொத்தி, சுற்றிலும் செங்கல் பதித்தேன். பாட்டி கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள், எருதானே என்றார்கள். மாட்டுச் சாணம் வேறு, இது வேறு. நாயின் மலத்தில் உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். அவை மண்ணில் சில வாரங்கள் கிடந்த பின்னரே நோய் தரும் நிலையை அடைகின்றன. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் கூட உயிரோடிருக்கும். மண்ணில் விளையாடும் சிறு குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். எனவே கீரைப் பாத்தியும் வேண்டாம், கறிவேப்பிலையும் வேண்டாம். அன்றாடம் அள்ளிக் குழியில் புதைத்துவிட்டால் கவலையில்லை.

இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கி வைக்க முடியாது. மாதத்துக்கு ஒரு மணி என்று ஏறத்தாழக் கணக்கு வைத்துக் கொள்ளலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுச் சற்று நேரத்திலும், விளையாடி முடித்ததும் அதற்கு அவசரம் வந்துவிடும். தரையை முகர்ந்தபடி வட்டமிட ஆரம்பித்தால் ஓட வேண்டியதுதான். அந்தந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஒரே வழியாக, அதே மூலைக்குக் கொண்டு போனேன். அங்கே நின்று "வெளிக்கி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். (இந்த வார்த்தைக்காக அண்ணன் என்னை ஒரு வாரம் கேலி செய்தான்.) விளையாட்டுக் காட்டாமல் மரம் போல் நிற்க வேண்டும். காரியம் முடிந்த அந்த வினாடியே ஒரு துண்டுப் பொறையும் ஒரு தட்டிக் கொடுத்தலும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்றே நாய் நினைக்கும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்கள், உணவுக்கு முன் கேட்டுப் பழகிய ஒலிக்கே எச்சில் ஊறின என்று படித்திருக்கிறோம் அல்லவா? எங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு வார்த்தையும் ஒரு மூலையும் அந்த வேலையைச் செய்தன.

மற்ற வேலையை மூக்கு பார்த்துக் கொண்டது. மோப்ப சக்தியில் நாய் நம்மை விடப் பல மடங்கு உயர்ந்தது. தன் வாடை எங்கே இருக்கிறதோ அங்கே மறுபடியும் போகும். ஆகவே முதல் சில நாட்கள் மூலையில் சிறிதளவை அப்படியே விட்டு வைத்தேன். வீட்டுக்குள் செய்துவிட்ட இடங்களையோ சோப்புத் தண்ணீராலும் வினிகராலும் மீண்டும் மீண்டும் கழுவினேன். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாதாம். அதன் நெடி சிறுநீரை நினைவூட்டி, நாயை அங்கேயே அழைத்து வந்துவிடும்.

எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. ஒன்பதாம் நாள் நான் கதைப் புத்தகத்தில் மூழ்கியிருந்த போது கூடத்தில் ஒரு குளம். தவறு யாருடையது? நேரத்தை மறந்தது ஜிம்மி அல்ல. சத்தம் போடாமல் துடைத்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். இரவில் பதினொரு மணிக்கு ஒரு முறையும் விடியற்காலையில் ஒரு முறையும் எழுந்தது எனக்குப் பெரிய தவம். கொல்லைப்புறமில்லாத மாடி வீட்டுத் தோழிகள், அகலமான தட்டில் மண் பரப்பி மொட்டை மாடியில் வைத்துப் பழக்கலாம். ஆனால் பின்னால் தட்டை இடம் மாற்றினால் சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும்.

"நாய்க்கு இவ்வளவு பாடா? நாலு போட்டால் வழிக்கு வந்துவிடும்" என்று சொல்பவர்களுக்கு நான் வேறொன்றும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் நாலு அல்ல, நாற்பது போட்டுப் பார்த்தாயிற்று.

நான்காம் வாரத்தில் ஒரு நாள் ஜிம்மி தானாகவே கொல்லைக் கதவின் முன் போய் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்து முனகியது. அப்பா எழுந்து கதவைத் திறந்தார். அது நேரே செங்கல் மூலைக்குப் போயிற்று. அப்பா திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் செய்தித்தாளை விரித்துக் கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு அதன்பின் எழவில்லை. அத்தையும் அம்மாவிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள், பழைய கலகலப்பு இல்லாவிட்டாலும்.

இப்போது ஜிம்மி நன்றாக வளர்ந்துவிட்டது. அடை மழையிலும் அந்த மூலைக்குத்தான் போகும். பள்ளி விட்டு வந்தால் முதலில் என் மேல்தான் தாவும். ஆனால் படித்து முடித்த செய்தித்தாளை அப்பா மடிக்கும் சத்தம் கேட்டால் மட்டும், காதுகளை மடக்கிக் கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.