வண்டி போயிற்று, பெயர் போகவில்லை!

விற்றவர் ஒருவர், வாங்கியவர் மற்றொருவர், ஓட்டியவர் இன்னொருவர். ஆனால், இழப்பீட்டுப் பணத்தை எடுத்து வை என்று கேட்கப்படுபவரோ முதலாமவர்! ஈதென்ன விந்தை என்கிறீர்களா? விந்தையல்ல நண்பர்களே, சட்டம்! நாட்டின் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்ட சட்டம்.

2007ஆம் ஆண்டிலே வடபுலத்தில் ஒருவர் தம் காரை விற்றார். வாங்கியவர் வைத்துக்கொள்ளவில்லை, விற்றார். அவரிடம் வாங்கியவரும் விற்றார். இப்படிக் கைமாறிக் கைமாறிப் போன அந்தக் கார், 2009ஆம் ஆண்டு மே திங்களில் பின்னோக்கி வந்தபோது இருவர்மீது மோதிற்று; ஒருவர் மாண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இழப்பீடு கேட்டனர். யார் தருவது? பதிவேட்டைப் புரட்டினால், முதலில் விற்றாரே, அவர் பெயர்தான் அப்படியே நிற்கிறது! அவரும் ஓட்டுநரும் தர வேண்டும் என்றது தீர்ப்பாயம். விற்றதற்குச் சான்று இருக்கிறது, ஆகவே அவரை விடுக, கடைசியில் வாங்கியவரைப் பிடிக்க என்றது உயர் நீதிமன்றம். கடைசியில் வாங்கியவரோ, நானும் விற்றுவிட்டேனே என்றார். 2018 பிப்ரவரி 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முடிவு கூறிற்று: பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், அவரே பொறுப்பு.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, 30ஆம் உட்பிரிவு சொல்வதும் அதுவே. பணம் கொடுத்தவர் யார், சாவி எவர் சட்டைப்பையில் கிடக்கிறது, எவர் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. எவர் பெயரில் பதிவோ அவரே உரிமையாளர். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே, பணமும் வண்டியும் கைமாறியவுடன் விற்பனை முடிந்துவிடுகிறது. அதை நீதிமன்றங்களும் ஒப்புக்கொள்கின்றன. அடிபட்டவர் வந்து கேட்கும்போது மட்டும் அந்த விற்பனை செல்லாக்காசு!

தீர்ப்பைப் பழிக்க நாம் வரவில்லை. அடிபட்டுக் கிடப்பவர், கால் ஒடிந்தவர், கணவனை இழந்தவர், இவர்கள் எத்தனை பேரைத் தேடி அலைய முடியும்? அவரிடம் போனால் இவரைக் காட்டுவார். இவரிடம் போனால் இன்னொருவரைக் காட்டுவார். சாலையில் சாய்ந்தவன் கண்ணுக்குத் தெரிவது வண்டியின் எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு பொறுப்பாளி இருந்தே தீர வேண்டும். ஏழையின் பக்கம் நின்று சொல்லப்பட்ட நீதி அது. வரவேற்கிறோம்.

நம் வழக்கு வேறு. அந்தப் பெயர் ஏன் பழைய பெயராகவே கிடக்கிறது? அதுதான் கேள்வி.

நம் ஊரில் பழைய வண்டி விற்கப்படும் அழகு தெரியாதவர்களா நாம்? தேநீர்க் கடை வாசல். தரகர் வருகிறார். வண்டியைச் சுற்றி வருகிறார், டயரை உதைக்கிறார், ஸ்டார்ட் செய்து பார்க்கிறார், விலையைக் குறைக்கிறார். பணம் கைக்கு வருகிறது. பிறகு நீட்டுகிறார் காகிதங்களை: படிவம் 29, இரண்டு படிகள், படிவம் 30. "கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்!" வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. நாள் குறிக்க வேண்டிய இடமும் வெள்ளை. நம்மவர் போடுகிறார் கையெழுத்து, ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார், பத்து வரியில் ஒரு 'டெலிவரி நோட்' வாங்கிப் பெட்டியில் வைக்கிறார், நிம்மதியாக உறங்கப் போகிறார். காணி நிலம் விற்கப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பகலெல்லாம் காத்துக் கிடப்பவர்தான், இலட்ச ரூபாய் வண்டியைத் தேநீர் ஆறுவதற்குள் கைகழுவிவிடுகிறார்!

அந்த வெள்ளை இடம் மறதியால் விடப்பட்டதன்று. தரகர் தம் பெயருக்கு மாற்றினால் கட்டணம் ஒன்று, ஆர்.சி.யில் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடினால் அடுத்த விலையில் அடி ஒன்று. ஆகவே அடுத்த ஆள் வரும்வரை வெள்ளையாகவே வைத்திருப்பார். அடுத்த ஆளும் அப்படியே. வண்டி மூன்று மாவட்டம் கடந்து ஓடிக்கொண்டிருக்கும்; விற்றவர் கையெழுத்து ஏதோ ஒரு பையில் மடங்கிக் கிடக்கும்.

பிறகு வரும் வினை. தலைக்கவசம் இல்லை என்று எங்கோ ஒரு கேமரா பிடித்த அபராதம், விற்றவர் கைப்பேசியில் வந்து மணி அடிக்கும். கார் என்றால், பிரிக்க மறந்த பாஸ்டேக் வழியாகச் சுங்கச்சாவடிப் பணம் இவர் கணக்கிலிருந்து போகும். இவையாவது சில்லறை! அந்த வண்டியில் சாராயம் கடத்தினாலும், சங்கிலி பறித்தாலும் காவல்துறை முதலில் தட்டுவது எந்தக் கதவை?

வாங்கியவருக்கு மட்டும் வாழ்வா? அதுவுமில்லை. வண்டி கைமாறினால் மூன்றாமவருக்கான இன்சூரன்ஸ் பாதுகாப்பு தானாகவே கூடச் செல்லும். பதினான்கு நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்கிறது 157ஆம் பிரிவு. ஆனால் வண்டிக்கே சேதம் நேர்ந்தால் கிடைக்க வேண்டிய தொகை அப்படித் தானாகப் போகாது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் வாங்கி வாங்கிய வண்டி நொறுங்கிக் கிடக்கும். பாலிசியோ பழையவர் பெயரில் பளபளக்கும்!

சட்டம் என்ன செய்யச் சொல்கிறது? 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் தடையின்மைச் சான்றோடு நாற்பத்தைந்து நாட்கள். வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். சரி, அறிவித்துவிட்டார் விற்றவர், வாங்கியவர் வரவேயில்லை, அப்போது? அறிவித்த நாளோடு விற்றவர் பொறுப்பு தீர்ந்தது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, அந்தப் பிரிவில் உண்டா? இல்லை! கடமையைச் சொல்லத் தெரிந்த சட்டத்துக்கு, கடமையைச் செய்தவனைக் காக்கத் தெரியவில்லை.

முடியாத காரியமா இது? அமெரிக்காவின் கலிபோர்னியாவில், விற்றவர் ஐந்து நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் பெயரிலேயே 'பொறுப்பு விடுவிப்பு' என்ற சொல் இருக்கிறது. பிரிட்டனில் விற்றவர் தெரிவித்தால், இனி இந்த வண்டிக்கு நீர் பொறுப்பல்ல என்று அவருக்கு உறுதிக் கடிதமே வருகிறது. கடல் கடந்து போவானேன்? தில்லியே செய்திருக்கிறதே! 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வணிகரிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி வழியாகத் தெரிவித்து ஒப்புகை பெற்றுவிட்டால், அன்று முதல் அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். நடப்பவற்றுக்கு அவரே பொறுப்பு. வணிகரிடம் விற்றால் விடுதலை; பக்கத்துத் தெருக்காரரிடம் விற்றால் விலங்கு! எந்த ஊர் நியாயம் இது?

ஆகவே கேட்கிறோம். விற்றவர் படிவம் 29ஐக் கொடுத்த அன்றே, வாங்கியவர் பெயரும் முகவரியும் அதே பதிவேட்டில் ஏறட்டும். அடிபட்டவர் தேடினால் அந்தப் பெயர் கிடைக்கட்டும். வாங்கியவர் குறித்த நாளில் மனுச் செய்யாவிட்டால் அபராதம் அவரைத் துரத்தட்டும். விதி செய்யும் அதிகாரம் தில்லியில் இருக்கிறது. கேட்க வேண்டியது நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் நம் உறுப்பினர்கள்.

அவர்கள் கேட்டு, அது நடக்கும்வரை? வெள்ளைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். வாங்குபவர் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அவர் அடையாள அட்டையின் நகலை வாங்குங்கள். விற்ற நாளோடு நேரத்தையும் குறியுங்கள். வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால், படிவம் 35 கொண்டு அதை முதலில் நீக்குங்கள். விற்பனையை எழுத்து மூலம் அலுவலகத்தில் நீங்களே தெரிவித்து, ஒப்புகை பெறுங்கள். முன்பே விற்றுவிட்டு மறந்தவர்கள் இன்றைக்கே பரிவாகன் தளத்தில் அந்தப் பழைய எண்ணை இட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டுவார்கள். ஆனால் தம் பெயரைத் தாம் அறியாதவர் உண்டோ?