அனுப்பியவர் யார்?

செய்தியின் பொருளை மறைப்பது ஒன்று. அதனை அனுப்பியவர் இன்னார் என்பதை மறைப்பது மற்றொன்று. முன்னதற்குச் சங்கேத முறைகள் உள. பின்னது அதனினும் அரிது.

2012 ஆகஸ்டில் பெங்களூருவில் பரவிய வதந்திகளுக்கு அஞ்சி, வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறி ஊர் திரும்பினர். குறுஞ்செய்திகளும் அவ்வச்சத்தைப் பரப்பின. இத்தகைய தீங்கைக் கண்டோர், செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வழி வேண்டுமென்பது இயல்பே. 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய செய்திச் சேவைகளிடம் அவ்வசதியைக் கோருகின்றன.

நடுநிலையம் ஏதுமின்றி, கணிப்பொறிகள் தமக்குள் செய்தியைக் கைமாற்றிக் கொள்ளும் வலைகளும் உண்டு. அங்கே மறைவு தானே கிட்டுமெனப் பலர் எண்ணுவர், அது பிழை. செய்தி எத்திசையிலும் ஒருங்கே பரவுமாயின், பல இடங்களில் அது வந்தடைந்த நேரத்தைக் குறித்துக் கொள்பவர், குளத்து அலைவட்டங்களைக் கொண்டு கல் விழுந்த இடத்தை அறிவதுபோல் தோற்றுவாயை ஊகித்துவிடலாம். 2017இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், பிட்காயின் வலைக்கென ஒரு மாற்றை வகுத்தனர். செய்தி முதலில் ஒருவர்பின் ஒருவராய் ஒற்றை வழியில் செல்லும். பின்னர் தற்செயலாய் அமையும் ஓரிடத்திலிருந்து நாற்புறமும் பரவும். கல் விழுந்த இடம் வேறு, அலை எழுந்த இடம் வேறு என்றாகிறது. எனினும் வலையின் பெரும்பகுதி ஒருவர் கைக்குள் சிக்கின் இக்காப்பும் தளரும்.

இது தீயோருக்கும் உதவாதோ எனக் கேட்கலாம். உதவும்; மறுப்பதற்கில்லை. ஆயின் எச்செய்தி நாளை குற்றமாகுமென முன்னரே அறியவியலாது. ஆகவே, ஒருவரைக் கண்டுபிடிக்க அனைவர் செய்திகளிலும் அடையாளம் பொறிக்க நேரும். தம் அலுவலக முறைகேட்டை வெளியிட விழையும் சிற்றூழியரும் அதனால் வாய் திறவார்.

வேறு வழியும் உண்டு. 2012இல் மத்திய அரசு, ஐந்து பேருக்குமேல் ஒருசேரக் குறுஞ்செய்தி அனுப்புவதை 15 நாட்களுக்குத் தடை செய்தது. 2018இல் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒருமுறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் மறு அஞ்சல் செய்யவியலாதவாறு வரம்பிட்டது. இவை பரவும் வேகத்தைக் கட்டினவேயன்றி, எவர் பெயரையும் கேட்கவில்லை.

பெங்களூருவைச் சேர்ந்த முன்னாள் நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கிலேயே, 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையென ஒருமனதாய்த் தீர்ப்பளித்தனர். வலைகளை வகுக்கும் நம் பொறியியலார், பரவலுக்கு வரம்பும் அனுப்புவோருக்குக் காப்பும் ஒருங்கே அமையுமாறு வகுத்தல் வேண்டும். அதுவே அவ்வுரிமைக்கு விஞ்ஞானம் ஆற்றக்கூடிய தொண்டாகும்.