சிற்றீயை வருணிக்கும் தமிழ்

மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் ஈயை வருணிப்பதற்கு இத்துணைக் கவலை வேண்டுமா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வேண்டும் என்பதே என் கருத்து. புதிய இனம் ஒன்று முதன்முதலாக வருணிக்கப்படுவது ஒரே முறைதான். எழுதியவர் கண்ட ஈ எங்கோ ஓர் அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும். பின்வருவோர் கையில் இருப்பது அவருடைய சொல் மட்டுமே. அச்சொல் தெளிவில்லாதிருப்பின், ஓர் ஈக்கு மூன்று பெயர்களும், மூன்று ஈக்களுக்கு ஒரு பெயரும் வழங்கத் தலைப்படும்.

நடன ஈக்கள் எம்பிடிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதுகாறும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. சிறிய உருண்டைத் தலை, மெல்லிய கழுத்து, கூன் விழுந்தாற்போல் உயர்ந்த மார்பு, நீண்ட கால்கள், பலவற்றில் கீழ்நோக்கி நீண்டிருக்கும் உறிஞ்சுகுழல் ஆகியவற்றைக் கொண்டு அவற்றை ஓரளவு அடையாளம் காணலாம். கூட்டமாக மேலும் கீழும் ஆடிப் பறப்பதால் இப்பெயர் வந்தது. பல இனங்களில் ஆண், தான் பிடித்த பூச்சியொன்றைப் பெண்ணுக்குப் பரிசாக அளிக்கிறது.

இவற்றைக் ‘கூத்தாடி ஈ’ என்று அழைக்கலாமே என்றார் நண்பர் ஒருவர். இனிய சொல்தான். ஆயினும் நீரில் நெளியும் கொசுப்புழுவை நம் மக்கள் ‘கூத்தாடி’ என்று வழங்குகின்றனர். சுகாதார ஊழியர் அச்சொல்லைக் கண்டால் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்க்கவே விரைவார்! ‘மொய்க்கின்றன’ என்பதும் அவ்வாறே பொருந்தாது. ஈ மொய்ப்பது பண்டத்தின்மேல்; இவையோ வெறும் வெளியில் ஆடுகின்றன. ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் தமிழ்ச்சொல்லைத் தேடாமல், ஈயைப் பார்த்துத் தேட வேண்டும் என நான் வற்புறுத்துவது இதனாலேயே.

இத்துறையின் வரலாற்றில் ஹிலாரா சார்ட்டர் என்னும் ஈயின் கதை சுவையானது. ஆஸ்டன்-சாக்கன் என்பவர் ருஷ்ய அரசின் தூதரகப் பணியில் இருந்தவர். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் சின்னஞ்சிறு ஈக்கள் வெள்ளித் துணுக்குப் போன்ற ஏதோ ஒன்றைச் சுமந்து பறப்பதைக் கண்டு, 1877ஆம் ஆண்டில் அதைப்பற்றி எழுதினார். அவ்வினத்துக்கு முறைப்படி பெயரும் வருணனையும் கிடைத்தது 1888ஆம் ஆண்டில்தான். அவற்றைத் தந்த தியோடர் பெக்கர் ஒரு கட்டடப் பொறியாளர். சார்ட்டர் என்றால் லத்தீனில் தையற்காரன் என்று பொருள். அந்த வெள்ளித் துணுக்கு ஆண் ஈயே நூற்ற பட்டு. அதனுள் இரை ஏதும் இல்லை. வெறும் பட்டே பரிசு! நம் நாட்டு ஈக்களைப்பற்றி 1920ஆம் ஆண்டில் வெளிவந்த பெருநூலில் இக்குடும்பத்தை விவரித்த புருனெட்டியோ ஓர் இசைக் கலைஞர். இவர்களுள் ஒருவரேனும் பூச்சியியலைப் பிழைப்பாகக் கொண்டு தொடங்கியவர் அல்லர் என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

பட்டு நூற்கும் சுரப்பிகள் இருப்பது ஆணின் முன்காலில், பாதத்தின் முதற்கணுவில். அக்கணு பருத்திருப்பதே ஹிலாரா பேரினத்தின் சிறந்த அடையாளம். பூச்சியின் பாதம் ஐந்து கணுக்களாலானது. மொழிபெயர்ப்பாளர் ‘பாதம் பருத்தது’ என்று பொதுப்பட எழுதிவிட்டால் வாக்கியம் அழகாயிருக்கும். ஈ மட்டும் தொலைந்துபோகும். நிறங்களிலும் இத்தகைய இடர் உண்டு. பழைய வருணனைகளிலுள்ள லத்தீன் நிறப்பெயர்கள் நம்மை மருட்டுகின்றன. உண்மையில் அவை சாம்பல், துரு, கீல், ஓடு ஆகிய அன்றாடப் பொருள்களிலிருந்து பிறந்தவையே. சாம்பல்நிறம், துருநிறம், கீல்கருமை, ஓட்டுநிறம் என்று எழுத நமக்குத் தயக்கம் எதற்கு? ‘ஒருவிதப் பழுப்பு’ என்பதை மட்டும் எவரும் எழுதலாகாது.

கள ஊழியர்க்கு ஒரு வேண்டுகோள். இணைந்த நிலையில் பிடிபட்ட ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் குப்பிகளில் இடாதீர்கள். பல இனங்களில் ஆணின் கண்கள் நெற்றியில் ஒன்றையொன்று தொட்டிருக்கும். பெண்ணின் கண்கள் விலகியிருக்கும். வட அமெரிக்காவிலுள்ள ராம்போமையா லாஞ்சிகாடா என்னும் இனத்தில் கூட்டமாகப் பறப்பவை பெண்களே. அவை காற்றை விழுங்கி வயிற்றைப் புடைக்கச் செய்கின்றன. அவற்றின் கால்களில் இறகு விளிம்பு போன்ற செதில்கள் உண்டு. இவ்விரு பாலையும் தனித்தனியே காண்பவர் இரண்டு இனங்கள் என்றே முடிவு செய்யக்கூடும். சேர்ந்து பிடிபட்ட இணையே ஐயம் தீர்க்கும் சான்று. ஆண் சுமந்த இரையையோ பட்டையோ தூசி என்று எண்ணி உதறிவிடாமல் அதே குப்பியில் இடுக. இடம், நாள், நேரம், நீரின்மேல் பறந்ததா, மரநிழலில் பறந்ததா என்பவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளே வைக்க வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். ஆணின் இனப்பெருக்க உறுப்பைக் காரநீரில் தெளியவைத்து நுண்ணோக்கியில் ஆராய்வது வல்லுநரின் வேலை. குப்பிக்குள் சீட்டு இல்லாவிடில் அவ்வேலையின் பயனில் பாதி வீணாகும்.

இனி, எம்மொழியில் எழுதுவது? விலங்குகளின் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு வருணனை இன்ன மொழியில்தான் அமைய வேண்டும் எனக் கட்டாயப்படுத்தவில்லை. உலகளவில் விலங்கியலார் வழங்கும் மொழிகளில் எழுதுக எனப் பரிந்துரைப்பதோடு நிற்கிறது. வேறுபடுத்தும் பண்புகள் சொல்லப்பட வேண்டும். 1999க்குப் பின் வெளியாகும் புதிய இனத்துக்கு மூலமாதிரி குறிக்கப்பட்டு, அது எங்கே வைக்கப்படும் என்பதும் கூறப்பட வேண்டும். ஆகவே தமிழில் மட்டும் எழுதிய வருணனையும் சட்டப்படி செல்லும். செல்லும் என்பதற்காக அவ்வாறு செய்வதை நான் ஆதரிக்கவில்லை. பிரேசில் நாட்டு ஆய்வாளர் அதைப் படிக்க வழியில்லை. முதல் வருணனை ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் குப்பிச் சீட்டும், களக்குறிப்பும், இனங்காணும் அட்டவணையும் ஓடைக்கரையில் நிற்பவரின் மொழியில் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிற ஊழியர் குறிப்பு எழுதாமலே விட்டுவிடுகிறார்; தமிழில் எழுதலாம் என்றால் ஆண் எதைச் சுமந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவார். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருவதற்கு எங்களைப் போன்றோர் அலுவலகங்களில் சம்பளம் பெற்று அமர்ந்திருக்கிறோம்.