கஞ்சாப் புகை: நாட்டுக்கு நாடு சுருள் வேறு, சட்டமும் வேறு!

ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் சில கடைகள் இருக்கின்றன. வாசலில் "காபி ஷாப்" என்று எழுதியிருக்கும். உள்ளே காபியும் கிடைக்கும். ஆனால் காபிக்காக அங்கே போகிறவர்கள் குறைவு. கஞ்சாவுக்காகப் போகிறவர்களே அதிகம்.

அந்தக் கடையில் உட்கார்ந்து ஒருவர் கஞ்சாவைத் தாளில் சுருட்டிப் புகைக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அந்தச் சுருளில் புகையிலை கலந்திருந்தால்? அது தவறு! கடைக்காரருக்கு அபராதம் விழும்.

கஞ்சாவை விட்டுவிட்டுப் புகையிலையைப் பிடிக்கிறார்களே, இது என்ன வேடிக்கை என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதற்குக் காரணம் இருக்கிறது.

ஹாலந்து என்று நம்மவர்கள் சொல்லும் நெதர்லாந்தில், 2008-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓட்டல்களிலும் மதுக்கடைகளிலும் புகையிலை புகைக்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். அங்கே வேலை செய்கிறவர்களின் நுரையீரலைக் காப்பாற்றத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். சட்டத்தில் "புகையிலை" என்று இருந்தது. கஞ்சாவைப் பற்றி அதில் பேச்சு இல்லை. ஆகவே கஞ்சாப் புகை தப்பியது. புகையிலைப் புகை மாட்டிக்கொண்டது.

பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் மூக்குக்கு இரண்டும் புகைதான். சட்டப் புத்தகத்துக்கு அது தெரியவில்லை.

சுருளில் என்ன இருக்கிறது?

கஞ்சாவைப் புகைக்கும் முறை ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலோர் மெல்லிய தாளில் கஞ்சாவை மட்டும் வைத்துச் சுருட்டுகிறார்கள். ஐரோப்பாவில் அதே தாளில் புகையிலையும் சேருகிறது. அமெரிக்க நகரங்களில் இன்னொரு வகையும் உண்டு. சுருட்டின் உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, அந்த மேல் இலையையே உறையாக வைத்துக்கொள்வார்கள். "பிளண்ட்" என்று அதற்குப் பெயர்.

இந்த மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "நான் புகையிலையைத் தொடுவதில்லை" என்று சொல்லும் இளைஞன் புகைப்பது சுருட்டின் இலையில். அந்த இலையே புகையிலைதான்! உள்ளே ஒரு துளி புகையிலை இல்லாவிட்டாலும், உறையிலிருந்து நிகோடின் உடம்புக்குள் போகிறது.

2016-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி இதை எண்ணிக்கையில் காட்டியது. 18 நாடுகளில் கஞ்சா புகைக்கும் 33 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் கேள்வி கேட்டார்கள். ஐரோப்பிய நாடுகளில் நூற்றுக்கு முக்கால்வாசிப் பேருக்கு மேல் புகையிலை கலந்தே புகைத்தார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட அப்படிச் செய்யவில்லை.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு செய்தியும் இருந்தது. புகையிலை கலக்காதவர்களிடம்தான், "இந்தப் பழக்கத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு யாராவது உதவ வேண்டும்" என்ற எண்ணம் கூடுதலாகக் காணப்பட்டது. கலந்து புகைத்தவர்களிடம் அந்த எண்ணம் குறைவு. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ஒரு கயிற்றில் கட்டுண்டவன் அவிழ்த்துக்கொள்ளப் பார்ப்பான். இரண்டு கயிற்றில் கட்டுண்டவன் எதை முதலில் அவிழ்ப்பான்?

ஜெர்மனி இதைக் கவனித்திருக்கிறது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல், 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வெளியே 25 கிராம் கஞ்சா வைத்திருக்கலாம். வீட்டில் 50 கிராம் வரை வைத்திருக்கலாம். மூன்று செடி வளர்க்கலாம் என்று அங்கே சட்டம் வந்தது. உறுப்பினர்கள் சேர்ந்து செடி வளர்க்கும் சங்கங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் சங்கம் உறுப்பினருக்குக் கொடுக்கும் கஞ்சாவில் புகையிலை கலந்திருக்கக்கூடாது. சங்கத்தின் இடத்திலேயே உட்கார்ந்து புகைக்கவும் கூடாது. சங்கத்தில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புகையிலை கலந்தால்? அதைப் பார்ப்பதற்கு அங்கே ஆள் இல்லை.

தண்ணீரில் கழுவினால் புகை சுத்தமாகுமா?

தாளுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. புகை தண்ணீருக்குள் புகுந்து, குமிழியிட்டு மேலே வரும். "தண்ணீர் எல்லாக் கெடுதலையும் பிடித்துக்கொள்கிறது" என்பது அவர்கள் நம்பிக்கை.

தண்ணீர் புகையைக் குளிர வைக்கிறது. அது உண்மை. தொண்டை எரிச்சல் குறைகிறது. ஆனால் எரியும் எந்த இலையிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத் தண்ணீர் தடுத்து நிறுத்துவதில்லை. தார் என்ற கருப்புப் பிசினும் போதுமான அளவு வடிகட்டப்படுவதில்லை. இன்னொரு தொல்லையும் இருக்கிறது. புகை குளிர்ந்து வருவதால், இழுக்கிறவர் இன்னும் ஆழமாக இழுக்கிறார்.

புகையை நெஞ்சுக்குள் அடக்கி வைத்தால் போதை கூடும் என்பதும் பழைய நம்பிக்கை. அடக்கி வைப்பதால் அதிகம் சேருவது தாரும் கார்பன் மோனாக்சைடும்தான்.

நம் நாட்டுச் சிலும்பி

தாளும் தண்ணீர்க் குழாயும் வெளிநாட்டுப் பழக்கம் என்றால், சிலும்பி நம் நாட்டுப் பழக்கம். மண்ணால் செய்த நேர் குழாய். அடியில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார்கள். காசியிலும் இமயமலைப் பக்கத்திலும் சாமியார்கள் கையில் இதைப் பார்க்கலாம். அதிலும் கஞ்சாவோடு புகையிலை சேருவது வழக்கம். ஐரோப்பாக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை!

வெள்ளைக்காரர் ஆட்சியில், கஞ்சாவுக்கென்றே ஒரு விசாரணைக் கமிஷன் நடந்தது. 1893-ல் அமைக்கப்பட்டு 1894-ல் அறிக்கை கொடுத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அறிக்கை ஏழு பாகம்! முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு. அந்தக் காலத்தில் கஞ்சா வரி சர்க்காருக்கு நல்ல வருமானம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்போது வங்காளத்துக்குக் கஞ்சா வந்தது நவகாவ் என்ற இடத்திலிருந்து. இப்போது அது வங்காளதேசத்தில் இருக்கிறது. அங்கே கஞ்சாவைத் தட்டையாக மிதித்து ஒரு ரகம் செய்தார்கள். காலால் உருட்டி உருண்டை ரகம் ஒன்று செய்தார்கள். சர்க்கார் கணக்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். சுருட்டுவதற்கு முன்பே உருட்டுவது இருந்திருக்கிறது!

அந்தப் பழைய பிரிவினை இன்றுள்ள சட்டத்திலும் தெரிகிறது. 1985-ம் ஆண்டு இந்திய சர்க்கார் கொண்டுவந்த போதைப்பொருள் சட்டம் ஒரே செடியை மூன்றாகப் பிரிக்கிறது. பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி கஞ்சா. பிசின் சரஸ். இரண்டுக்கும் தடை. நுனிப்பகுதி சேராத இலையும் விதையும் அந்தச் சட்டத்தின் தடையில் வராது. இலையை அரைத்துச் செய்வதுதான் பாங். ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் லைசென்சு பெற்ற பாங் கடைகள் நடப்பது இதனால்தான். இலையைப் பற்றி முடிவு செய்வது அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. வடக்கே கடையில் விற்கிறதே என்று இங்கே வாங்கிவந்தால், அந்த வாதம் போலீசிடம் செல்லாது.

ஒரு வதந்தியையும் இங்கே தீர்த்துவிடலாம். "ஐக்கிய நாடுகள் சபையே கஞ்சாவை அனுமதித்துவிட்டது, இந்தியாவும் கையைத் தூக்கிவிட்டது" என்று சிலர் சொல்கிறார்கள். நடந்தது வேறு. 2020 டிசம்பர் 2-ந் தேதி, ஐ.நா. போதைப்பொருள் கமிஷனில் ஓட்டெடுப்பு நடந்தது. மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுப்பதற்கு 27 ஓட்டு, எதிராக 25 ஓட்டு. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. மருத்துவ ஆராய்ச்சிக்கு வழி திறந்தது, அவ்வளவுதான். கட்டுப்பாட்டுப் பட்டியலில் கஞ்சா இன்னும் இருக்கிறது.

புகை இல்லாத வழிகள்

"புகைதானே கெடுதல்? புகையே இல்லாமல் செய்துவிட்டால்?" என்று கேட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் கஞ்சாச் சாற்றைச் சிறு குப்பியில் அடைத்து, மின்சாரக் கருவியில் சூடாக்கி ஆவியாக இழுத்தார்கள். 2019-ல் திடீரென்று வாலிபர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளில் விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் மட்டும் 68 பேர். கள்ளச் சந்தைக் குப்பிகளில், சாற்றைக் கெட்டியாகக் காட்டுவதற்காகக் கலந்த வைட்டமின் ஈ எண்ணெய்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். தோலுக்குத் தடவுகிற பொருள் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும்!

கனடாவில் வேறு விதமான துன்பம். அந்த நாட்டில் 2018 அக்டோபர் 17-ந் தேதி கஞ்சா சட்டபூர்வமானது. மறு வருஷம் கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட் வகைகளுக்கும் அனுமதி கிடைத்தது. அப்பாவின் மேசையில் இருக்கும் மிட்டாய் எது, தன் மிட்டாய் எது என்று மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியுமா? இப்படிப்பட்ட மிட்டாய்களை விற்ற மாகாணங்களில், கஞ்சா நச்சேறி ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை வேகமாக ஏறியது. மிட்டாய் வகையை அனுமதிக்காத கியூபெக் மாகாணத்தில் அந்த ஏற்றம் குறைவு.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. புகைத்தால் சில நிமிஷத்தில் போதை தெரியும். தின்றால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகலாம். "ஒன்றும் ஏறவில்லையே" என்று இன்னொன்றைத் தின்கிறவர்கள்தான் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்.

பாங்காக்கிலிருந்து சென்னைக்கு

தாய்லாந்தில் 2022 ஜூன் 9-ந் தேதி கஞ்சாச் செடி போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. மூன்று வருஷத்தில் சர்க்கார் மனம் மாறியது. 2025 ஜூனில், கஞ்சாப் பூ வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இதற்கிடையில் நம் ஊரிலும் அதன் விளைவு தெரிந்தது. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பயணிகளின் பெட்டிகளில், மண்ணில்லாமல் நீரில் வளர்த்த உயர்ரகக் கஞ்சாவைச் சுங்க அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அங்கே கடையில் வாங்கிய பொருள், இங்கே இறங்கியவுடன் ஜெயிலுக்கு அழைத்துப்போகும் பொருள்!

இந்தியச் சட்டம் தாளா, சிலும்பியா, குழாயா என்று பார்ப்பதில்லை. எடையைப் பார்க்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை "சிறிய அளவு". அதற்கு ஒரு வருஷம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் என்றால் "வியாபார அளவு". குறைந்தது பத்து வருஷம், அதிகம் இருபது வருஷம் கடுங்காவல். சரஸ் பிசினுக்குக் கணக்கு இன்னும் கண்டிப்பு: சிறிய அளவு 100 கிராம்தான்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

நம் பக்கத்தில் கஞ்சா புகைக்கும் வாலிபர்கள் பலர், சிகரெட்டுப் புகையிலையோடு அதைக் கலந்தே புகைக்கிறார்கள். ஐரோப்பியக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது. பையன் சட்டைப் பையில் சிகரெட்டைப் பார்க்கும் தாய், "சிகரெட்டுத்தானே, கஞ்சா இல்லையே" என்று ஆறுதல் அடைகிறாள். கஞ்சாவைப் பார்த்த தகப்பன், "இதை விட்டுவிட்டால் போதும், சிகரெட்டு பிடித்துத் தொலையட்டும்" என்கிறார். இரண்டும் தப்புக் கணக்கு. கஞ்சாவை நிறுத்தியவன் சிகரெட்டைப் பற்றவைக்கும்போதெல்லாம், அந்தப் புகையே பழைய ஆசையைக் கிளப்பிவிடுகிறது. சிகிச்சைக்குப் போகிறவர்கள் இரண்டையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடுமே" என்ற பயம்தான் பல வீடுகளில் கதவைச் சாத்தி வைக்கிறது. அந்தப் பயத்துக்குச் சட்டமே ஒரு பதில் வைத்திருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு அது. போதைப் பழக்கத்துக்கு அடிமையான ஒருவர்மேல், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், அவர் தாமாகவே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தமாட்டார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினால் அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்கிறவர்களுக்கு இந்தப் பிரிவில் இடமில்லை.