மட்டைக்கு ஏற்ற ஆளா, ஆளுக்கு ஏற்ற மட்டையா?



கோவில்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கடலை மிட்டாய், தீப்பெட்டி என்பீர்கள். விளையாட்டை அறிந்தவர்கள் ஹாக்கி என்பார்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியால் பெயர் பெற்ற ஊர் அது. 2022 ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தியும் இருந்தார்கள்.

இதைக் கேட்டு, கிழக்கே விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்து மாணவன் ஒருவனுக்கும் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியின் விளையாட்டு அறைக்குப் போகிறான். அங்குள்ள மட்டைகள் எல்லாம் ஒரே நீளம், ஒரே எடை. எட்டாம் வகுப்புத் தம்பிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனுக்கும் ஒன்றேதான். பத்து நாள் ஆடிப் பார்க்கிறான். பந்து சொன்னபடி கேட்பதில்லை. ‘எனக்கு ஹாக்கி வராது’ என்று ஒதுங்கிவிடுகிறான். குறை அவனிடமா, மட்டையிடமா?

மட்டையிடம்தான் என்பது என் கருத்து. சிலம்பம் கற்றுத் தரும் ஆசான், கம்பை மாணவனின் உயரத்துக்கு அளந்துதானே கொடுக்கிறார்? ஹாக்கி மட்டைக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

‘கனமான மட்டையே நல்லது, தூக்கித் தூக்கிக் கை பழகிவிடும், அடியும் பலமாக விழும்’ என்று சிலர் சொல்வார்கள். இது சரியா? ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். 50 கிராம் எடையுள்ள கல் ஒன்றை மட்டையின் பிடிக்கு அருகே, கையிலிருந்து 20 செ.மீ. தொலைவில் கட்டுங்கள். மட்டையை வீசிப் பாருங்கள். பிறகு அதே கல்லை 80 செ.மீ. தொலைவில், மட்டையின் தலைப்பக்கம் கட்டி வீசுங்கள். (கல்லை இறுகக் கட்டுங்கள். அருகில் யாரும் நிற்க வேண்டாம்.) தராசில் வைத்தால் இரண்டு முறையும் மொத்த எடை ஒன்றே. ஆனால் இரண்டாம் முறை மட்டை கைக்கு அடங்க மறுக்கும்.

ஏன்? சுழலும் பொருளை வேகப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அதன் நிலைமத் திருப்புத்திறன் காட்டுகிறது. அது தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளரும். தொலைவு 4 மடங்கானால், அந்தக் கல்லின் திருப்புத்திறன் 16 மடங்காகிவிடும். ஆகவே ஒரு மட்டை எத்தனை கிராம் என்று கேட்பது பாதிக் கேள்விதான். அந்த எடை எங்கே இருக்கிறது என்பதே மீதிக் கேள்வி. மட்டையை ஒரு விரல்மேல் கிடத்திச் சமன் செய்யுங்கள். அதன் ஈர்ப்பு மையம் தெரிந்துவிடும். அது தலைப்பக்கம் நெருங்க நெருங்க, மட்டை கைக்குக் கனக்கும்.

சரி, கனமான மட்டையால் அடி பலமாக விழாதா? கணக்குப் போடுவோம். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. 160 என்று கொள்வோம். மோதும் இடத்தில் மட்டையின் பயன்படு நிறை 250 கிராம் என்று கொள்வோம். அதை 300 கிராமாகக் கூட்டினால், அதே வீச்சு வேகத்தில் பந்தின் வேகம் ஏறத்தாழ 7 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் அந்தக் கனத்தால் உங்கள் வீச்சு 10 சதவீதம் குறைந்துவிட்டால்? பந்து முன்னைவிட மெதுவாகவே போகும். கூட்டிய கனம் நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிட்டது!

விதிகளின்படி மட்டை 737 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நீளம் 105 செ.மீ.க்கு மிகக்கூடாது, உடலின் வளைவு 25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இவை உச்ச வரம்புகள். அவற்றை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மட்டையைக் காலருகே நிமிர்த்தி வையுங்கள். அதன் மேல்முனை இடுப்பெலும்பின் மட்டத்துக்கு வந்தால் நீளம் ஏறக்குறைய பொருத்தம். இடக்கை வழக்கமுள்ளவர்கள் தனி மட்டை தேட வேண்டாம். ஹாக்கியில் எல்லோருக்கும் மட்டையின் தட்டையான முகம் இடப்பக்கமே.

அடுத்தது பொருள். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல் தரைக்கு மாறியது. பின்னர் மல்பெரி மர மட்டைகளின் இடத்தைக் கண்ணாடி இழை, கார்பன் இழை மட்டைகள் பிடித்தன. கார்பன் மிகுந்த மட்டை விறைப்பானது. மோதும்போது அதிகம் வளைந்து கொடுக்காததால் அடி விரைவாகப் பாயும். ஆனால் வரும் பந்தை நிறுத்தும்போது அது துள்ளி ஓடிவிடும். அதிர்வும் கையை உதறவைக்கும். பந்தை அடக்கப் பழகுகிற மாணவனுக்கு முதலில் வேண்டியது அடியின் பாய்ச்சலா, பந்து மட்டையில் நிற்பதா? நீங்களே சொல்லுங்கள்!

கரிசல் தரைக்கு இன்னொரு குணம் உண்டு. மழையில் பசையாய் ஒட்டும். கோடையில் வெடிப்பு விடும். வெடிப்பில் பட்ட பந்து எங்கே திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே கைக்கு அடங்கிய, சட்டென்று திருப்பக்கூடிய மட்டைதான் உதவும். மானாவாரி வெள்ளாமையை நம்பி வாழும் பெற்றோரிடம், பெரிய ஆட்டக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காக விலை உயர்ந்த கார்பன் மட்டை கேட்பது நியாயமும் அல்ல, விஞ்ஞானமும் அல்ல.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இருபது மட்டை வாங்கும் பணத்தில், ஒரே அளவில் இருபது வாங்காமல் மூன்று நீளங்களில் பிரித்து வாங்கலாமே! செலவு பெரிதாகக் கூடாது. ஆட்டத்தில் நிலைக்கும் பிள்ளைகள் கூடுவார்கள்.

அதற்கு நீங்களும் உதவலாம். ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, வகுப்பில் ஒவ்வொருவருக்கும் தரையிலிருந்து இடுப்பெலும்பு வரை உள்ள உயரத்தை அளந்து அட்டவணை போடுங்கள். எத்தனை பேருக்கு எந்த நீளம் என்பது அதிலேயே தெரியும். அடுத்த முறை மட்டை வாங்கும் முன், அந்த அட்டவணையை உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் கொடுங்கள்.