செம்மணற் குன்றுகளிடையே

விடுமுறைக்குத் திருச்செந்தூர் செல்லும் நம் குடும்பங்களுள் பல, கடலாடி முருகனை வழிபட்டு அன்றிரவே வண்டியேறிவிடுகின்றன. அன்பர்கள் அடுத்த முறை ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, காயாமொழியைக் கடந்து குதிரைமொழித் தேரிக்குச் சென்று வருதல் வேண்டும்.

தேரி என்பது மணல்மேடு. ஆயின் கடற்கரையில் நாம் காணும் வெண்மணலன்று இது, செங்காவி நிறத்தது. மேடும் பள்ளமுமாய்க் கண்ணுக்கெட்டிய வரை கிடக்கின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குக் காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக் கடலோரத்தே குவித்ததென்பர் நிலநூலார். மணற்பரல்களை இரும்புத் துரு போர்த்திருத்தலே செந்நிறத்திற்குக் காரணம். இத்தகைய தேரிகளிற் கிடைத்த கற்கால மக்களின் நுண்கருவிகளைப் பற்றிச் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் 1956ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினர்.

ஊரார் கூறும் காரணம் வேறு. சுனைக்கரை மாமரத்தின் கனி அரசனுக்கே உரியதென்பது கட்டளையாம். நீர் முகக்க வந்த பெண்ணொருத்தியின் குடத்தில், அவளறியாமலே ஒரு கனி வீழ்ந்தது. கள்ளியென்று அவளைக் கொன்றனர். அவள் இட்ட சாபத்தால் மண்மாரி பொழிந்து நாடே புதையுண்டது. சுனை மட்டும் எஞ்சியது. அதனைக் காத்து நிற்பவரே அருஞ்சுனை காத்த ஐயனார். கதை சொல்வார்க்குச் சொல்வார் சிறிது மாறுபடும். எனினும் குற்றமற்றவளைக் கொன்ற பழி ஒரு நாட்டையே மூடிற்று என்பதில் மாறுபாடில்லை. நிலநூலைப் படித்த பின்னும் என் மனம் அப்பெண்ணின் பக்கமே சாய்கின்றது.

சுற்றிலும் வறண்ட மணல், நடுவே மரங்கள் அடர்ந்த சோலை, அதனுள் சுனை! மழைநீரை மணல் வழிந்தோட விடாது உறிஞ்சிப் பள்ளத்தில் ஊறச்செய்கின்றது. தேரியில் பனையும் உடையும் முந்திரியும் வளர்கின்றன. மணலேறி இடுப்பளவு புதைந்தும் தலைநிமிர்ந்து நிற்கும் பனைகளைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இவற்றின் வேர்களே பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. பனையேறுவோர் அருகி வரும் இந்நாளில் மரங்களின் கதி என்னாகுமோ என்ற கவலை எழாமலில்லை.

அப்பாலுள்ள கற்குவேல் ஐயனார் கோயிலில் கார்த்திகை இறுதியில் கள்ளர் வெட்டு விழா நடைபெறும். கள்ளனுக்கு ஈடாக இளநீரை வெட்டுவர். அங்கே பெண்ணொருத்தியைக் கள்ளியென்று கொன்றார்கள். இங்கோ கள்ளனுக்கே ஓர் இளநீர் உயிர் கொடுக்கின்றது! வெட்டிய இடத்து மண்ணை அள்ளிச் செல்ல மக்கள் முண்டியடிப்பர். பம்பாயில் நண்பர் ஒருவர் இல்லத்துப் பூசை அறையில், சிறு துணி முடிச்சில் அம்மண்ணைக் கண்டேன். அவர் மகனோ அதனைக் குங்குமமென்றே எண்ணியிருந்தான்.

வெயில் ஏறுமுன் சென்று திரும்புக. காற்று அடிச்சுவடுகளை அழித்துவிடுமாதலால், வழியறிந்த உள்ளூரார் ஒருவரையும் உடனழைத்துச் செல்லுதல் நன்று. குடிநீர் மறவற்க.